கட்டளையும் நிலையும்: கைகாட்டி மரம் முதல் கணினி வலை வரை

போவன்பள்ளியில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தண்ணீர் வரும் நாள். மொட்டை மாடியில் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா நிற்கிறார். கீழே பையன்.

"மோட்டார் போட்டியாடா?"

"போட்டாச்சுப்பா! தண்ணி ஏறுதா?"

"ஏறலையே. காத்து அடைச்சிருக்கு போல."

கேள்வி இரண்டு, பதிலும் இரண்டு. சுவிட்ச் போட்டது நாம் இட்ட கட்டளை. தண்ணீர் ஏறுவதும் ஏறாததும் தொட்டியின் நிலை. சுவிட்சை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. தொட்டியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

"இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். கணினி வலைகளை ஆளும் விதிமுறைகளில் இந்த இரண்டையும் முறையாகப் பிரித்து எழுதி முடிக்க உலகத்துப் பொறியாளர்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1988இல் தொடங்கிய கதை 2018இல்தான் ஒரு நிலைக்கு வந்தது. ஆனால் கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே ரயில்வே கேபின்களில் இரும்பாலும் கம்பியாலும் இதே பிரிவினையைச் செய்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டு வரலாறும் சந்திக்கும் ஊர் என்று நம் செகந்திராபாத்தைச் சொல்லலாம். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். மகள் மாதாப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கணினி வலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். இருவர் பேச்சையும் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது.

ரயில் வந்த ஊர்

1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் அமைந்தது. இங்கே தங்கிய கம்பெனிப் படை மதராஸ் படையைச் சேர்ந்தது. படையின் பின்னால் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 1874இல் வாடி வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1966 அக்டோபர் 2இல் தென் மத்திய ரயில்வே பிறந்தபோது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயின் விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்கள் இதில் சேர்ந்தன. தலைமையகம் செகந்திராபாத் என்றானது. ரயில்வே உத்தியோகத்துக்கென்று வந்து போவன்பள்ளி, அல்வால், மல்காஜ்கிரி பக்கம் நிலைத்துவிட்ட நம்மவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பெரியவர்கள் கைகாட்டி மரத்தை மறந்திருக்க மாட்டார்கள். கேபினில் லீவரை இழுத்தால், நீளமான இரும்புக் கம்பி வழியாக வெகு தூரத்தில் நிற்கும் மரத்தில் கை இறங்க வேண்டும். கை இறங்கினால் வண்டி வரலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் தக்காணத்து வெயிலில் கம்பி நீளும். லீவர் முழுசாக வந்திருக்கும். கை பாதிதான் இறங்கியிருக்கும். வளைவுக்கு அப்பால் மரம் இருந்தால் கேபின்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இதற்காகத்தான் கேபினில் ரிப்பீட்டர் என்ற சிறு கருவியை வைத்தார்கள். அதன் முள் லீவரைப் பார்த்து நகராது. மரத்தின் மேலே கையோடு சேர்த்துப் பொருத்திய மின்தொடர்பைப் பார்த்துத்தான் நகரும். லீவர் சொல்வது கட்டளை, ரிப்பீட்டர் சொல்வது நிலை. "லீவரைப் பார்த்து வேலை செய்யாதே, ரிப்பீட்டரைப் பார்" என்று அப்பா சொல்வார்.

பாயிண்ட் விஷயமும் இப்படித்தான். வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பும் தண்டவாள முனை உண்மையிலேயே நகர்ந்து ஒட்டியதா என்பதை அந்த இடத்திலேயே சோதித்துச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிடெக்‌ஷன் என்று பெயர். அது சரி என்று சொன்னால்தான் சிக்னல் இறங்கும்.

1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த டிராக் சர்க்யூட் இன்னும் ஒரு படி மேலே போனது. தண்டவாளத்தில் எப்போதும் சிறு மின்சாரம் ஓடும். வண்டி ஏறினால் அது ரிலேயை எட்டாது. பாதையில் வண்டி நிற்கிறது என்று பொருள். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அதே பொருள்தான். செய்தி வரவில்லையென்றால் "எல்லாம் சுகம்" என்று எடுத்துக்கொள்ளாமல் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும் அமைப்பு அது.

1956: கேட்கப்படாத கேள்வி

எந்த நிலையைக் கேட்கிறோமோ அதுதான் தெரியவரும். கேட்காதது தெரியாது. இதை நம் மக்கள் கொடிய விலை கொடுத்துக் கற்ற ஆண்டு 1956.

அந்த ஆண்டு செப்டம்பர் 2இல், ஹைதராபாத்துக்குத் தெற்கே ஜட்சர்லாவுக்கும் மஹபூப்நகருக்கும் இடையே வெள்ளத்தில் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 23இல் சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 140க்கும் மேல். இம்முறை சாஸ்திரியின் ராஜினாமா ஏற்கப்பட்டது.

ரயில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பிளாக் முறை. "இந்தப் பகுதியில் வேறு வண்டி உண்டா?" என்பது அது கேட்கும் கேள்வி. பாலம் நிற்கிறதா என்பது அதன் கேள்வியே அல்ல. அதற்கு மழைக்கால ரோந்து ஆட்களின் கண்ணையும் விளக்கையும்தான் நம்ப வேண்டியிருந்தது. கட்டளைப்படி பாதை திறந்திருந்தது. நிலையில் பாதையே இல்லை.

அடுத்த ஆண்டு, 1957இல், சிக்னல் பொறியாளர்களுக்கும் தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கும் பயிற்சி தரும் இந்திய ரயில்வேயின் கல்வி நிலையம் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்டது. தார்னாகாவில் இருக்கும் ஐரிசெட் அதுதான். நாட்டின் எந்த மூலையில் சிக்னல் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் நம் ஊர் பரிச்சயமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கணினி வலையின் கதை

இனி மகளின் உலகத்துக்கு வருவோம். கணினிகளை இணைக்கும் வலையில் கைகாட்டி, பாயிண்ட் இரண்டின் வேலையையும் செய்பவை ரவுட்டர், சுவிட்ச் முதலிய கருவிகள். "இந்தக் கதவைத் திற, அந்த முகவரிக்கு இவ்வழி அனுப்பு" என்று அவற்றுக்கு இடும் கட்டளைத் தொகுப்பை கான்ஃபிகரேஷன் என்பார்கள். கருவி அந்த நேரத்தில் உண்மையில் எப்படி இருக்கிறது என்பது ஆபரேஷனல் ஸ்டேட். தமிழில் செயல்நிலை என்று வைத்துக்கொள்வோம்.

1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற மேலாண்மை விதிமுறை வெளியானது. கருவிகளிடம் கேள்வி கேட்டுப் பதில் பெற அது வழி செய்தது. அப்போதே ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு கட்டங்கள் வைத்தார்கள். ஒன்று நிர்வாக நிலை: இணைப்பு இயங்க வேண்டும் என்று நாம் சொன்னது. இன்னொன்று செயல்நிலை: இயங்குகிறதா என்று கருவி சொல்வது. கேபிளைப் பிடுங்கிவிட்டால் முதல் கட்டம் "இயங்கு" என்றே இருக்கும். இரண்டாவது "இயங்கவில்லை" என்று மாறும். லீவரும் ரிப்பீட்டரும் அப்படியே கணினிக்குள் வந்துவிட்டன!

ஆனால் இந்த இரட்டைக் கட்டம் சில விஷயங்களுக்குத்தான் இருந்தது. மேலும், எஸ்.என்.எம்.பி.யை நிலையை விசாரிக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். கட்டளை இட வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் போய்க் கையால் தட்டச்சு செய்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கட்டளை மொழி வேறு. கருவி திரையில் காட்டுவதை வரிவரியாகப் பிரித்துப் படிக்கத் தனி நிரல் எழுத வேண்டும். புது மென்பொருள் வந்து திரையில் ஒரு வார்த்தை இடம் மாறினால் அந்த நிரல் படுத்துவிடும்.

2002 ஜூன் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரெஸ்டன் நகரில், இணையக் கட்டமைப்புக் குழு ஒரு பட்டறை நடத்தியது. விதிமுறை எழுதுபவர்களையும், இரவு பகலாக வலையைக் காப்பவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். அதன் அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தது. வலையைக் காப்பவர்கள் வைத்த கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று: கட்டளைத் தரவு, செயல்நிலைத் தரவு, புள்ளிவிவரம் மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் கொடுங்கள்.

இதன் பயனாகப் பிறந்தது நெட்கான்ஃப் விதிமுறை. 2006 டிசம்பரில் வெளியாகி, 2011இல் திருத்தப்பட்டது. 2010இல், தரவின் அமைப்பை எழுதுவதற்கான யாங் என்ற மொழி வந்தது. யாங்கில் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு முத்திரை உண்டு: "இது நாம் இடும் கட்டளை" அல்லது "இது கருவி சொல்லும் நிலை." எல்லாம் தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு முகம்

ஏன் தீரவில்லை? ஓர் உதாரணம். ஓர் இணைப்பின் வேகம் பற்றி "எதிர்முனையோடு பேசி நீயே தீர்மானித்துக்கொள்" என்று கட்டளை இடுகிறோம். இரண்டு முனையும் பேசி விநாடிக்கு 1000 மெகாபிட் என்று முடிவு செய்கின்றன. இப்போது வேகம் என்ன? கட்டளையைக் கேட்டால் "தானே தீர்மானி." நிலையைக் கேட்டால் 1000. ஒரே வேகத்துக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. ஆனால் அந்தத் தரவின்மேல் "கட்டளை" என்று முத்திரை குத்திவிட்டால் 1000 என்பதை எங்கே எழுதுவது?

2014இல் வெளியான இணைப்புகளுக்கான யாங் மாதிரியில் இரண்டு தனி மரங்கள் வைத்தார்கள். ஒன்றில் கட்டளைகள், இன்னொன்றில் நிலைகள். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள உறவைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். கூகுள் உள்ளிட்ட பெரிய வலை நடத்துபவர்கள் சேர்ந்த ஓபன்கான்ஃபிக் குழு வேறு வழி சொன்னது: ஒவ்வொரு பொருளுக்குள்ளும் கட்டளைப் பெட்டி ஒன்று, நிலைப் பெட்டி ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். 2015 வாக்கில் இது இணையப் பொறியியல் பணிக்குழுவில் பெரிய விவாதமானது.

அவர்கள் கவலைக்குக் காரணம் இருந்தது. நெட்கான்ஃபில் ஒரு கட்டளையை அனுப்பினால் "ஓகே" என்று பதில் வரும். ஏற்றுக்கொண்டாச்சு என்பதுதான் அதன் பொருள். வேலை முடிந்து நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. நம் மொழியில் சொன்னால் "போட்டாச்சு"தான், "ஏறுது" அல்ல. என் மகள் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் யாரிடமோ, "கான்ஃபிக் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா டிராஃபிக் போகல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து, "ரிப்பீட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கச் சொல்லு" என்றார்.

கல்யாணப் பட்டியல்

2018 மார்ச்சில் இதற்கு ஒரு தீர்வு வெளியானது. வலை மேலாண்மைத் தரவுக் களஞ்சியக் கட்டமைப்பு என்று அதைச் சொல்லலாம், சுருக்கமாக என்.எம்.டி.ஏ. ஒரே தரவு மரத்தை வைத்துக்கொண்டு, அதை எந்தக் களஞ்சியத்தில் பார்க்கிறோம் என்பதை மட்டும் மாற்றினார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம்.

காய்கறிப் பட்டியல் போடுகிறோம். எழுதி அடித்து எழுதுவது வரைவுப் பட்டியல். இதை கேண்டிடேட் என்பர். பெரியவர்கள் ஒப்புக்கொண்ட பட்டியல் ரன்னிங். மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால் எடுத்துக்கொள்ளப் பத்திரமாகப் பீரோவில் வைத்த பிரதி ஸ்டார்ட்அப். ஒப்புக்கொண்ட பட்டியலிலும் "இது இப்போ வேண்டாம்" என்று குறித்தவை இருக்கும். "சாம்பார் சாமான் வழக்கம்போல" என்று ஒற்றை வரி இருக்கும். வேண்டாததை நீக்கி, ஒற்றை வரியை விரித்து, மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகும் பட்டியல் இன்டெண்டெட்.

போவன்பள்ளிக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பார்த்தால் இருப்பது ஆபரேஷனல். பட்டியலில் இருந்த சேனைக்கிழங்கு அங்கே இல்லாமல் போகலாம், மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. பட்டியலில் இல்லாத பூசணிக்காய் இருக்கலாம்.

என்.எம்.டி.ஏ.யின் நல்ல யோசனை இங்கேதான் இருக்கிறது. ஸ்டோர் ரூமில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் "எங்கிருந்து வந்தது" என்று ஒரு சீட்டு ஒட்டச் சொல்கிறது. பட்டியல்படி வாங்கியதா? மண்டபத்திலேயே இருந்ததா? சம்பந்தி வீட்டார் அனுப்பியதா? யாரும் சொல்லாமலே வழக்கப்படி வந்ததா? கருவியின் மொழியில் இவை முறையே இன்டெண்டெட், சிஸ்டம், லேர்ன்ட், டீஃபால்ட். நம் வீட்டு வைஃபையில் கைப்பேசிக்குத் தானாகக் கிடைக்கும் முகவரி, சம்பந்தி வீட்டார் அனுப்பிய பூசணிக்காய் மாதிரி. நாம் கேட்டு எழுதியதல்ல. ஆனால் இருக்கிறது, அதை வைத்துத்தான் சமையல் நடக்கிறது.

2019இல் எந்தக் களஞ்சியம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் வசதி நெட்கான்ஃபில் சேர்ந்தது. 2021இல் இரண்டு களஞ்சியங்களை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டும் கட்டளையும் வந்தது. பட்டியலையும் ஸ்டோர் ரூமையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது என்று கொள்ளலாம்.

நிலையே பொய் சொன்னால்?

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை சுகமாக முடியும். ஆனால் 2023 ஜூன் 2 நம்மை நிறுத்த விடவில்லை.

அன்று மாலை ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹனாகா பஜார் நிலையத்தை நெருங்கியது. மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு. ஆனால் பாயிண்ட் லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதித் தடம்புரண்டது. எதிர்த் திசையில் ஹவுரா நோக்கிப் போன இன்னொரு எக்ஸ்பிரஸும் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி அது.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் தெரியவந்தது இது. முன்பு ஒருமுறை சிக்னல் சர்க்யூட்டை மாற்றி அமைத்தபோதே பிழை நேர்ந்திருந்தது. சம்பவ நாளன்று லெவல் கிராசிங் கேட்டின் மின் தடுப்பை மாற்றும் வேலையில் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டன. பாயிண்ட் லூப் பக்கம் இருந்தும் மெயின் லைனுக்கு நேராக இருப்பதாகச் செய்தி போயிற்று. அமைப்பு கட்டளையை மட்டும் நம்பிச் சிக்னல் கொடுக்கவில்லை. நிலையைக் கேட்டுத்தான் கொடுத்தது. நிலையைச் சொன்ன கம்பி வேறு இடத்துச் செய்தியைச் சொன்னது.

ரிப்பீட்டர் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த மரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் சோதித்துக்கொள் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்திருந்தால் நம்பு என்கிறார். அரசன் இட்ட ஆணையை நாட்டின் நிலை என்று எண்ணிவிடக் கூடாது. வந்த செய்தியையும் சோதிக்காமல் நிலை என்று எண்ணிவிடக் கூடாது. வலைப் பொறியாளருக்கும் இதே பாடம்தான். கருவி "இயங்குகிறேன்" என்று சொல்வதோடு நில்லாமல், அதன் வழியே ஒரு செய்தி உண்மையில் போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மீண்டும் நம் ஊர்

இரு துறைகளும் இப்போது ஒரே திசையில் நடக்கின்றன. கேட்டால்தான் நிலையைச் சொல்வது என்றில்லாமல், மாறியவுடன் கருவியே சொல்லும்படி செய்வது. கணினி வலையில் 2019இல் வந்த யாங்-புஷ் இதைச் செய்கிறது. ரயில்வேயில் கவச். பாதையில் பதித்த அடையாளச் சில்லுகளும் வானொலித் தொடர்பும் சேர்ந்து, வண்டியின் இருப்பிடத்தையும் சிக்னலின் நிலையையும் என்ஜினுக்குள்ளேயே கொண்டுவருகின்றன. 2022 மார்ச் 4இல் செகந்திராபாத் கோட்டத்தின் குல்லகூடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே நடந்த சோதனையில், எதிரே நின்ற என்ஜினுக்கு 380 மீட்டர் முன்பே வண்டி தானாக நின்றது. அப்போது ரயில்வே அமைச்சரே என்ஜினில் இருந்தார். 2024இல் தென் மத்திய ரயில்வேயில் 1,400 கிலோமீட்டருக்கும் மேல் கவச் இருந்தது. இதற்கான சிறப்பு மையமும் ஐரிசெட்டில்தான்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கேபினில், சிக்னலில், கேங்கில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். கை இறங்காத ராத்திரியில் என்ன செய்தார், எதை நம்பினார், எதை நம்ப மறுத்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆபீசில் படிக்கும் பெரிய பெரிய விதிமுறைகள் பாதி அங்கேயே இருக்கும்.

என் அப்பாவுக்கு இப்போது மாடி ஏற முடிவதில்லை. தொட்டிக்கு மிதவை சுவிட்ச் போட்டு, கீழே ஒரு சின்ன விளக்கும் வைத்திருக்கிறோம். விளக்கு எரிந்தால் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். அவர் விளக்கைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வாம்மா" என்று பேத்தியை அனுப்புவார். அவளும் முணுமுணுக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.